குளித்துவிட்டு வந்தால் போர்த்த ஒரு கம்பளி

தையல் வகுப்பில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்திருந்தவர்களே, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மாணவிகள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறோம், தையல் சிஸ்டருக்கு வயதாகிவிட்டது, மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தப் போகிறோம், உனக்குப் பிடித்த குரோஷாப் பின்னல் எது, கம்பளிக்கு எந்த மாதிரி நல்லது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று உங்களில் ஒருத்தி போனில் கேட்டாள். சரி என்றேன். உட்கார்ந்து எழுதினால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. போட்டால் முழுசாகப் போடுங்கள். நடுவில் வெட்டினீர்கள் என்றால் வீடு தேடி வந்து சண்டை போடுவேன்.

என் படிப்பு எட்டாவதோடு சரி. அதிலும் பாஸா பெயிலா என்று பார்க்க நான் போகவே இல்லை. இன்றைக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் போர்த்திக்கொண்டு டீ குடிக்கிற ஆட்களின் தோளில் கிடப்பது என் பட்டறையில் பின்னியது. என் சரக்கு கப்பல் ஏறுகிறது. அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற லாரியும் என்னுடையது. வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன கடனில் தொடங்கியவள் நான். ஒரு ஆள் கை கொடுக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எந்தப் பின்னல் நல்லது என்று சொல்ல இந்தக் கடற்கரையில் என்னைவிடத் தகுதியான ஆள் யாராவது இருந்தால் முன்னால் வரட்டும்.

முதலில் பிடிக்காததைச் சொல்கிறேன். முத்துப் பின்னல். ஒரே கண்ணில் ஐந்து தடவை நூலை இழுத்து, மொத்தமாக இறுக்கி, ஒரு குமிழ் எழுப்புகிறோமே அதுதான். சிஸ்டருக்கு உயிர். “நீங்க முத்து எடுத்த ஊர்ப் பிள்ளைங்க, உங்களுக்கு இது தானா வரணும்” என்பார். எனக்கும் வந்தது, எல்லாரையும்விட அழகாக வந்தது, ஆனால் கம்பளிக்கு அது உதவாது. நூலைத் தின்னும். கனக்கும். குமிழுக்குப் பக்கத்திலேயே ஓட்டை விழும். பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகலாம், போர்த்துகிறவன் நடுங்குவான்.

சிப்பிப் பின்னலும் அப்படித்தான். விசிறி மாதிரி விரிந்து கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். மேசை விரிப்புக்குச் சரி, பீடத்து லேசுக்குச் சரி. விசிறியின் காம்புப் பக்கம் காற்றுப் போகும். நடுவில் பூ வைத்துச் சுற்றிச் சுற்றிப் பின்னுகிற சதுரம் இருக்கிறதே, அதைப் பத்து பேர் பத்து வீட்டில் உட்கார்ந்து பின்னலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். வியாபாரத்துக்கு அது லட்சுமி. ஆனால் மூலைக்கு மூலை ஓட்டை.

எனக்குப் பிடித்தது அலைப் பின்னல். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். மேட்டில் ஒரே கண்ணில் மூன்று போடு, பள்ளத்தில் இரண்டு கண்ணைத் தாண்டு, சரிவில் கண்ணுக்கு ஒன்று. அவ்வளவுதான் மொத்த வித்தையும். மேட்டில் கூட்டினதைப் பள்ளத்தில் குறைக்க மறந்தால் ஓரம் கோணிக்கொண்டு போய்விடும். நெருக்கமாகப் போட்டால் ஒரு ஊசி காற்று உள்ளே வராது. இன்னொரு லாபம், ஒவ்வொரு வரிசைக்கும் ஒவ்வொரு நிறம் போடலாம். கையில் துண்டு துண்டாகப் பல நிறத்தில் கம்பளி வைத்திருக்கிறவளுக்கு இதைப் போல ஒரு மாதிரி கிடையாது. எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

புதுத் துறைமுகம் வந்த புதிதில். நாம் ஏழாவது படித்தோம். கடற்கரைத் தெருவிலிருந்து வகுப்பில் நாம் ஏழெட்டுப் பேர் இருப்போம். மற்றவர்கள் ஊருக்குள்ளிருந்து, ஆற்றுப் பக்கமிருந்து வந்த பிள்ளைகள், உப்பளத்து முதலாளி மகள் போல கார் ஏறி வந்தவர்கள். என் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பா குளியாளி. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கி, மூச்சை அடக்கி, தரையைத் தடவிச் சங்கு எடுக்கிற ஆள். எங்கள் வீட்டில் அதற்குக் குளி என்று பெயர். “அப்பா குளிக்கப் போயிருக்காக” என்றால் கடலுக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கு மேலு கழுவ என்று சொல்வோம். “மேலு கழுவிட்டு வாரேன், சோறு போடு” என்பார். இரண்டும் வேறு வேறு வார்த்தை. எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குக்கூட இதில் குழப்பம் வராது.

அப்பா கரைக்கு வருகிற நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வள்ளம் மணலில் தட்டும். வெயில் மண்டையைப் பிளக்கும், ஈர மணலே காலைச் சுடும். அப்பா அந்த வெயிலில் நின்று நடுங்குவார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். பல் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். மார்கழி வாடைக்காற்று இருந்தால் இன்னும் மோசம். ஒரு தடவையா இரண்டு தடவையா, காலையிலிருந்து இறங்கி ஏறி இறங்கி ஏறி, எலும்புக்குள்ளேயே கடல் போயிருக்கும். கரையில் பனை ஓலையைக் கொளுத்திக் குளியாளிகள் எல்லாரும் சுற்றி நிற்பார்கள். அம்மா கருப்பட்டிக் காப்பி கொண்டுபோவாள். டம்ளரை அப்பாவால் பிடிக்க முடியாது, அம்மாதான் வாயில் வைப்பாள். ஊரே வெக்கையில் விசிறிக்கொண்டு கிடக்கும்போது என் அப்பா மட்டும் குளிரில் செத்துப் பிழைத்தார். வீட்டில் போர்த்துவதற்கு என்ன இருந்தது? அம்மாவின் பழைய சேலை. சாக்கு.

மாதா கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து தர்மத் துணி மூட்டை வந்த வருஷம் அது. மூட்டையைப் பிரித்ததும் அந்துருண்டை வாசமும் கப்பல் அடித்தட்டு வாசமும் சேர்ந்து அடிக்கும். சட்டை, கவுன், ஜன்னல் திரை எல்லாவற்றையும் ஜனங்கள் அடித்துப் பிடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். கம்பளி சுவெட்டர்கள் மட்டும் கிடந்தன. தூத்துக்குடியில் யார் போடுவார்? ஒருவர் வள்ளத்துக்குத் தார் பூச ஒன்றை எடுத்துப் போனார். மிச்சம் கோயில் பின்கட்டில் குவிந்து கிடந்தது. நான் உபதேசியாரிடம் போய்க் கேட்டேன்.

“இதெல்லாம் எனக்குத் தாரீகளா?”

“எடுத்துட்டுப் போளா, எலி குட்டி போடுது. ஒனக்கு என்னத்துக்கு?”

“பிரிச்சுப் பின்னப் போறேன்.”

“என்னமும் செய்யி. திரும்பக் கொண்டாந்து இங்கன போட்டிராத.”

இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று தூக்கி எறிந்ததைத்தான் நான் எடுத்தேன்.

சுவெட்டரைப் பிரிக்கவும் மூளை வேண்டும். தையலைப் பார்க்க வேண்டும். கத்தரித்துத் தைத்ததாக இருந்தால் துண்டு துண்டாக வரும், தொடாதே. ஓரம் சங்கிலி மாதிரி முடிந்திருந்தால் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் போதும், சிரித்துக்கொண்டே வரும். பிரித்த நூல் சுருட்டை முடி மாதிரி இருக்கும். வெந்நீரில் நனைத்து, நாற்காலி முதுகில் சுற்றி, அடியில் கல்லைத் தொங்கவிட்டுக் காயவைத்தேன். நூலோடு நூல் சேர்க்க முடிச்சு போடக்கூடாது. இரண்டு முனையையும் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தால் கம்பளி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சிஸ்டர் தந்த இரும்பு ஊசி லேசுக்கானது, கம்பளி அதில் பிளந்துகொண்டு போனது. மூங்கில் குச்சியை அப்பாவின் கத்தியால் சீவி, கண்ணாடித் துண்டால் வழித்து, நானே கொக்கி ஊசி செய்தேன். பன்னிரண்டு வயதில். உங்களில் பல பேருக்கு அப்போது பாவாடை நாடா கட்டத் தெரியாது.

நிறமெல்லாம் தானாக அமைந்தது. கருநீலம், அதற்கு மேலே சாம்பல், அதற்கு மேலே செங்கல் நிறம், திரும்பக் கருநீலம். நடுவில் ஒரே ஒரு குழந்தைச் சுவெட்டரிலிருந்து கிளிப்பச்சை கொஞ்சம். வீட்டில் மடியில் போட்டுப் பின்னினால் தொடை வெந்துபோகும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். “இந்த வெக்கைல கம்பளிய மடில வச்சிக்கிட்டு இருக்கா. பைத்தியம் புடிச்சிருக்கு இவளுக்கு. லேசு பின்னுனாலும் சிஸ்டர்மாரு ஏதாச்சும் குடுப்பாக.”

பாதி முடிந்திருந்தபோது ஒரு நாள் அப்பா மேலுக்குச் சுகமில்லாமல் சீக்கிரம் வந்துவிட்டார். தரையில் சுருண்டு கிடந்தார். நான் ஊசியைக் கழற்றாமலே கம்பளியை அவர் மேல் போட்டேன். இடுப்பிலிருந்து கழுத்து வரைதான் எட்டியது. கொஞ்ச நேரத்தில் பல் அடிக்கிற சத்தம் நின்றது.

“எவளா இத்தாம் பெருசாப் பின்னுனது?”

“நாந்தான். ஒங்களுக்குத்தான். காலு வரைக்கும் வரும், இன்னும் முடியல.”

“எனக்கா?” என்றார். கை அலை வரிசையைத் தடவியது. “கடலுமாதிரி போட்டிருக்கா பாரு கள்ளி. அங்கனயும் கடலு, இங்கனயும் கடலா எனக்கு?” சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார். வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. அன்று முடிவு செய்தேன், வாடைக்காற்று முடிவதற்குள் இது கால் வரைக்கும் வந்தாக வேண்டும்.

அவசரத்தில்தான் வகுப்புக்கும் எடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வரப்போகிறது, எல்லாரும் மேசை விரிப்பு பின்னுங்கள் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். நான் மேசை விரிப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கம்பளியைப் பையிலிருந்து எடுத்தேன். கடைசி வரிசைகள். சிஸ்டர் வந்து நின்றார். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பாயில் எல்லாரும் வாய் பிளந்து பார்த்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும், இல்லை என்று சொல்ல வேண்டாம்.

“யாருக்கும்மா இது?” என்றார். திருச்சிப் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும்.

“எங்கப்பாவுக்கு, சிஸ்டர்.”

“தூத்துக்குடியில அப்பாவுக்குக் கம்பளியா?”

“அப்பா குளிச்சிட்டு வந்தா ரொம்ப நடுங்குவாக. போத்தணும்.”

சிஸ்டர் புருவத்தைத் தூக்கினார். “குளிச்சிட்டு வந்தா போத்திக்கிறதுக்கு இம்மாம் பெரிய கம்பளியா? ஏம்மா, உங்கப்பா என்ன மகாராஜாவா? ஒரு துண்டு எடுத்துத் துவட்டினா ஆகாதா?”

வகுப்பு சிரித்தது.

“இல்ல சிஸ்டர், கடல்ல குளிச்சிட்டு...”

“கடல்ல குளிச்சா உப்புப் பிசுபிசுக்கும். வீட்டுல வந்து நல்ல தண்ணி ரெண்டு வாளி ஊத்திக்கச் சொல்லு.”

இன்னும் சிரிப்பு. உப்பளத்து முதலாளி மகள் என் காதுக்குள் குனிந்து கேட்டாள். “ஏளா, ஒங்கப்பா வாசனை சோப்பு போட்டுக் குளிப்பாகளா, பவுடரும் பூசுவாகளா?”

எனக்குக் கோபம் வந்தால் அந்தக் காலத்தில் வாய் அடைத்துப்போகும். இப்போது அந்த வியாதி கிடையாது. சங்கு என்ற ஒரு சொல்லை முன்னால் போட்டிருந்தால் சிஸ்டருக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டில் யார் அதைப் போட்டுப் பேசினோம்? கடல் இருக்கிற ஊரில் கடல் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டா இருப்போம்? சிஸ்டருக்குத் தெரியாது, விடுங்கள். பூகோளப் பாடத்தில் நம் ஊர்ப் பெயருக்கு நேரே முத்துக் குளித்தல் என்று கரும்பலகையில் எழுதியதும் அதே கைதான். அதையும் விடுங்கள். முத்துக்கு ஒரு குளி, மனுஷனுக்கு ஒரு குளி என்று நினைத்திருப்பார்.

நீங்கள்? கடற்கரைத் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்தப் பாயில் இருந்தீர்களே. உங்கள் அப்பாக்களும் சித்தப்பாக்களும் அதே வள்ளத்தில், அதே கயிற்றில் இறங்கினவர்கள். அதே ஓலைத் தீயைச் சுற்றி நின்றவர்கள். சிஸ்டர் சொன்னது தப்பு என்று உங்கள் ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஒருத்தி எழுந்து நின்று, “சிஸ்டர், அவ அப்பா சங்கு குளிக்காக” என்று சொல்லியிருந்தால் என்ன, நாக்கு அறுந்து விழுந்திருக்குமா? நீங்கள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தீர்கள். காரில் வருகிற பிள்ளைகளோடு சேர்ந்து சிரிக்கக் கிடைத்ததே என்று சிரித்தீர்கள். எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. மலர் போடுகிறார்களாம் மலர்.

அடுத்து நடந்ததுதான் அநியாயம். கண்காட்சிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வருகிறார், அந்த மூட்டைகளை அனுப்புகிற சங்கத்திலிருந்து. சிஸ்டர் கம்பளியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். “கடைசி வரிசையை இங்கேயே உட்கார்ந்து முடிச்சுக் குடுத்துடு. அவங்க நாட்டுல பனி கொட்டும். அவங்களுக்குக் குடுப்போம்.”

“சிஸ்டர், அது என்னது.”

“கம்பளி யாரு குடுத்தது? கோயில். கோயிலுக்கு யாரு குடுத்தது? அவங்க. அவங்க அனுப்பினது அழகா ஆகி அவங்களுக்கே போகுது. எவ்வளவு நல்ல விஷயம் இது! மேடையில நீயே உன் கையால குடுக்கப் போற.”

வீட்டில் வந்து அழுதேன். அம்மா சொன்னாள், “சிஸ்டர்மாரு வாயத் தொறந்து கேட்டா குடுக்கணும்ளா. ஒன்ன பீஸு வாங்காமப் படிக்க வைக்காக. வெள்ளக்காரி வீட்டுல ஒங்கையி வேலை இருக்கும்னா அது நமக்குத்தான கெளரவம்.” அப்பா தலையை ஆட்டிவிட்டு மேலு கழுவப் போனார். வகுப்பில் சிரித்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று அப்பாவிடம் எந்தப் பெண்பிள்ளை சொல்வாள்?

கண்காட்சி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேலே மின்விசிறி சுற்றியது, கீழே எல்லாருக்கும் வேர்த்தது. வெள்ளைக்கார அம்மா முகம் சிவந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வேர்வைக்குத்தான் என் கம்பளி. அப்பா அன்று கடலுக்குப் போகவில்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற வேட்டி கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து, கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி நின்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் கம்பளியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன். அந்த அம்மா அலை வரிசையை விரலால் தடவிப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் முகத்தில் நல்ல ஆச்சரியம் இருந்தது. இங்கிலீஷில் என்னவோ கேட்டார். இந்தச் சூட்டு ஊரில் இந்தப் பெண் ஏன் கம்பளி பின்னினாள் என்று கேட்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். சிஸ்டர் என்னிடம் திரும்பவே இல்லை, தானே பதில் சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இரண்டு சொல் காதில் விழுந்தது. ஃபாதர். பாத். பாத் எனக்குத் தெரியும், பாடத்தில் வாளிப் படத்துக்குக் கீழே இருந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார்.

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். அப்பாவும் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள், மகளைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, வெற்றிலைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“குடும்மா” என்றார் சிஸ்டர். அந்த அம்மா கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கம்பளியின் ஒரு ஓரம் அவர் கையில், மற்றதெல்லாம் என் பிடியில். சிஸ்டர் சிரித்த முகம் மாறாமல் என் தோளுக்குப் பின்னால் கிள்ளினார். “விடு. விடுன்னா விடு.” நான் விடவில்லை. அலைப் பின்னல் இழுபட்டால் நீளும், கிழியாது. நீண்டது. அந்த அம்மா பாவம், கையை எடுக்கவும் தெரியாமல் நின்றார்.

கடைசியிலிருந்து அப்பா குரல் வந்தது. மெதுவாகத்தான் சொன்னார்.

“குடுத்துரு மக்கா.”

விட்டுவிட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். பிஷப் வந்து சொல்லியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

கூட்டம் கைதட்டியது. சிஸ்டருக்கு மனசு இளகிவிட்டது போலிருக்கிறது, அப்பாவைக் கைகாட்டி முன்னால் கூப்பிட்டார். பரிசு மேசையிலிருந்து ஒரு துவாலையை எடுத்தார். வெள்ளை வெளேரென்று, பூப்போட்ட கரை, மொசுமொசு என்று இருந்தது. அப்பா கையில் வைத்தார். “இந்தாங்க. குளிச்சிட்டு வந்தா இதுல நல்லா துவட்டிக்கோங்க. பிள்ளை உங்க மேல ரொம்ப ஆசையா இருக்கா.”

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். நெற்றியில் ஒற்றிக்கொண்டார். “ஸ்தோத்திரம் சிஸ்டர்” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது துவாலையைக் கக்கத்தில் வைக்கவில்லை, கையில் ஏந்தி வந்தார், பூசையில் சாமியார் திவ்ய நற்கருணையைக் கொண்டுவருவது போல. நான் முன்னால் வேகமாக நடந்தேன்.

“ஏளா, நில்லு. பாத்தியா சிஸ்டர? எங்கனயோ பொறந்தவுக. நம்ம தொழிலு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. குளிச்சிட்டு வந்தா தொடைக்கன்னு பாத்துப் பாத்துக் குடுத்திருக்காக. ஒரு ஆளு நம்மள நெனச்சுப் பாத்திருக்கா? சங்கு வாங்குற ஆபீஸ்காரன் நெனச்சிருக்கானா?”

அவர் காதில் அந்தச் சொல் அவருடைய அர்த்தத்தில்தான் விழுந்திருந்தது. சிஸ்டர் அவரை மதித்துவிட்டார் என்று நம்பினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. வாடைக்காற்று நன்றாகப் பிடித்திருந்தது. “அந்தத் துவாலையக் கரைக்குக் கொண்டா, கடல்ல நனையக் கூடாது” என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா காப்பியைத் தூக்கிக்கொண்டாள், துவாலையை என் கையில் கொடுத்தாள். வள்ளம் மணலில் தட்டியது. அப்பா இறங்கினார். முட்டி மடங்கியது, நிமிர்ந்தார். உதடு கறுத்திருந்தது. தாடை தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஓலைத் தீ பக்கத்தில் வந்து நின்றார்.

மற்றக் குளியாளிகளுக்குச் செய்தி தெரிந்திருந்தது. “ஏலே, வழி விடுங்கலே, கான்வென்ட்டுத் துவாலை வருது!” என்று ஒருவர் கத்தினார். “அண்ணாச்சி, எனக்கு ஒரு முனைய மட்டும் தாங்க, மூக்கத் தொடச்சிட்டுத் தாரேன்” என்றார் இன்னொருவர். அப்பாவும் நடுங்கிக்கொண்டே சிரித்தார். பேச்சு வெட்டி வெட்டி வந்தது. “சி... சிஸ்டரு குடுத்தது ஒனக்கெதுக்குலே. போயிக் குளிச்சு... சம்பாதி.” என்னிடம் கையை நீட்டினார். “கொண்டா மக்கா.”

அந்தக் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, ஒரு இடத்தில் நிற்காமல் ஆடியது. என் கம்பளி அந்நேரம் எந்தப் பெட்டிக்குள் அந்துருண்டையோடு கிடந்ததோ.

துவாலையைத் தீயில் போட்டேன்.

கை தவறி விழவில்லை. சுருட்டி, நடுத்தீயில் எறிந்தேன். மொசுமொசு முதலில் கருகியது, பிறகு கரைப் பூவெல்லாம் குப்பென்று பிடித்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதில் ஒரு துளி வருத்தம் கிடையாது. இன்னொரு தடவை கொடுத்தாலும் போடுவேன். குளியாளிகள் சிரிப்பை நிறுத்தினார்கள். அம்மா, “அடி பாவி” என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் ஒருவர் மேலும் கை வைத்ததில்லை, அம்மா மேலும் இல்லை, என் மேலும் இல்லை. “மதிச்சுக் குடுத்ததளா அது” என்றார். ஓங்கி ஒரு அறை விட்டார்.

நான் அழவில்லை. அடி வலித்ததா என்றுகூடத் தெரியவில்லை. தீக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றிருந்தார், உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தது, என் கன்னத்தில் விழுந்த கை ஐஸ்கட்டி போல இருந்தது.